650 சிசியும் என் தம்பியும்

போன மாதம் என் தம்பிக்கு 20 வயது முடிந்தது. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா படிக்கிறான். கையில் பி2 லைசென்ஸ் இருக்கிறது. வீட்டில் அப்பா விட்டுப்போன இஎக்ஸ்5 ஓடிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் கவாசாக்கி வெர்சிஸ் 650-இன் படங்கள்தாம். ஒருநாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, பி ஃபுல் எடுத்துக்கிறேன். பார்ட் டைம் வேலை செஞ்சு மாசத் தவணைய நானே கட்டிடுவேன். நீங்க ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க."

நான் போடவில்லை. மூன்று வாரமாக அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவன் கோபத்திலும் நியாயம் உண்டு, ஏனென்றால் நான் ஓட்டுவதே வெர்சிஸ் 650. அண்ணன் ஓட்டலாம், தம்பி ஓட்டக்கூடாதா என்று அம்மாவே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையும், அவருக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கையெழுத்துக்காக வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமார் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் 2016-ஆம் ஆண்டு வெர்சிஸ் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். 649 சிசி, இரண்டு சிலிண்டர், தண்ணீரால் குளிரூட்டப்படும் இன்ஜின். இதே இன்ஜின்தான் நிஞ்சா 650-இலும் இருக்கிறது. நிஞ்சா குனிந்து ஓட்டும் தோற்றத்தில் வருகிறது, வெர்சிஸ் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. வெர்சிஸ் உயரமாக இருப்பதால் சிலர் அதை 'அட்வென்சர்' வண்டி என்பார்கள். இரண்டு சக்கரமும் 17 அங்குலம், டயர் சாலை டயர். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் கொண்டுபோனால் நீங்கள்தான் வெட்கப்படுவீர்கள். நெடுந்தூரம் போகவும் வேண்டும், வளைவுகளில் கொஞ்சம் மகிழவும் வேண்டும் என்பவர்களுக்கான ஸ்போர்ட் டூரிங் வண்டி என்று இதைச் சொல்வதே பொருத்தம்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை முன் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ரொட்டி சனாய், தே தாரிக், அதன் பிறகு கோலகுபு பாரு வழியாக ஃபிரேசர் மலை அல்லது காராக் பக்கம். எங்கள் கூட்டத்தில் நடுத்தர அளவு டூரிங் வண்டி வைத்திருப்பவர்களிடம் 'வண்டி எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் ஒரு சொல்லும் அவர்கள் வாயில் வராது.

துறைமுகத்தில் பாரந்தூக்கி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. முன்பு நிஞ்சா 650 வைத்திருந்தார். அதை விற்றதற்கு அவர் சொல்லும் ஒரே காரணம் மணிக்கட்டு. "தஞ்சோங் மாலிம் போறதுக்குள்ள கை மரத்துப் போச்சு தம்பி. இப்போ ஈப்போ வரைக்கும் போறேன், முதுகு கேக்குது, கை கேக்கல." இதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

தாதியாக வேலை செய்யும் அக்கா ஒருவர் இன்னும் நிஞ்சாவை விடவில்லை. அவர் கொஞ்சம் குள்ளம். வெர்சிஸின் இருக்கை தரையிலிருந்து 84 சென்டிமீட்டர், நிஞ்சாவினுடையது 79. "இந்த அஞ்சு சென்டிமீட்டர்லதான் என் உசுரு இருக்கு" என்பார். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது ஒரு கால் நுனி மட்டும் தரையைத் தொட்டால், 216 கிலோ வண்டி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை வண்டிதான் முடிவு செய்யும். நான் ஐந்தடி எட்டு அங்குலம். எனக்கே முதல் மாதத்தில் இரண்டு முறை சாய்ந்தது. ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், பூமாலைக் கடைக்கு நேர் எதிரே. மாலை கட்டிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பின்னால் உட்காருபவர்களையும் கேட்க வேண்டும். விமர்சனம் எழுதுபவர்கள் அவர்களைக் கேட்பதே இல்லை. எங்கள் குழு நண்பர் ஒருவரின் மனைவி கேமரன் மலை போய்த் திரும்பியதும் சொன்னார்: "தாப்பா வரைக்கும் சொர்க்கம். அதுக்கப்புறம் பலகையில உக்காந்த மாதிரி." வெர்சிஸில் பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்க ஒரு குமிழ் இருக்கிறது, கையாலேயே திருகலாம். ஆள் ஏறினால் இறுக்க வேண்டும், இறங்கினால் தளர்த்த வேண்டும். அந்த நண்பர் மூன்று ஆண்டுகளாக அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. வண்டியைக் குறை சொல்வதற்கு முன் கையேட்டைப் படிக்க வேண்டும்.

என் சொந்த அனுபவம் இது. நெடுஞ்சாலையில் மணிக்கு 100, 110 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வண்டி ஓர் அமைதியான மனிதர்போல் இருக்கும். 21 லிட்டர் டாங்கி. லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல் எனக்குக் கிடைக்கிறது. பினாங்குவரை பெட்ரோலுக்காக நிற்க வேண்டியதில்லை, உடம்புதான் நிற்கச் சொல்லும். பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மோட்டாருக்கு டோல் இல்லை என்பது நம் நாட்டில் நமக்குக் கிடைத்த பெரிய சலுகை. வளைவுகளில் வண்டி நம்பிக்கையோடு சாயும். டிரெய்லர் லாரியைக் கடக்கும்போது பக்கக் காற்று கைப்பிடியை ஓர் ஆட்டு ஆட்டும், அது பழக்கத்தில்தான் சரியாகும். முன்கண்ணாடியை ஏற்றி இறக்கலாம். எந்த உயரத்தில் வைத்தாலும் என் ஹெல்மெட்டில் காற்று மோதும் சத்தம் முழுதாக நின்றதில்லை.

நகரத்துக்குள் வந்துவிட்டால் கதையே வேறு. மாலை ஐந்தரை மணிக்கு கேஎல் சென்ட்ரல் பக்கம் நெரிசலில் நின்றால் ரேடியேட்டர் விசிறி சுற்ற ஆரம்பிக்கும், முழங்காலில் தோசைக்கல்லின் சூடு அடிக்கும். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டியிருந்தால் கார்களுக்கு நடுவே நுழைய முடியாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களில் போடப்பட்ட மோட்டார் சைக்கிள் தனிப்பாதை, உலகிலேயே முதலாவது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, கப்சாய் வண்டிகளின் அளவை மனத்தில் வைத்துப் போட்ட பாதை. அதன் குறுகிய வளைவுகளிலும் இருண்ட சுரங்க வழிகளிலும் பெரிய வண்டி ஒரு மாட்டுவண்டி. பின்னால் வருகிற ஒய்15 தம்பி ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான்.

அதனால் ஓர் உண்மையைச் சொல்கிறேன். கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் வேலையிடத்துக்கு நான் வாரநாள்களில் வெர்சிஸில் போவதில்லை. பழைய 135 சிசி வண்டியில்தான் போகிறேன். வெர்சிஸ் வீட்டில் துணி போர்த்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும். தம்பி தினமும் கல்லூரிக்கு ஓட்ட ஆசைப்படும் வண்டி, தினமும் ஓட்டுவதற்கான வண்டியே அல்ல.

தம்பியிடம் ஒரு பலமான வாதம் இருந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. "அண்ணே, உங்க 135-ல ஏபிஎஸ் இல்ல. டயர் மெலிசு. விளக்கு மங்கல். வெர்சிஸ்ல எல்லாமே நல்லா இருக்கு. எது பாதுகாப்பு?" அவன் சொன்னதில் தப்பே இல்லை. நம் நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அவர்களில் ஆகப் பெரும்பாலோர் ஓட்டியது சின்ன வண்டிகளே. சாலையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை சின்ன வண்டிகள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே பெரிய வண்டி எமன், சின்ன வண்டி சாது என்று பேசும் பெரியவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரே வேகத்தில், ஒரே மழையில், திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டி வந்தால் வெர்சிஸ்தான் எனக்கு வேண்டும்.

ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லையே!

இதை அவனுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டினேன், இயந்திரவியல் மாணவன்தானே. மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டருக்கு மேல். முன்னால் ஒரு கார் திடீரென்று நிற்பதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியில் 30 மீட்டர் போய்விடும். அதன் பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரில், நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்த ஒருவர் நிற்க இன்னும் 70 மீட்டர் வேண்டும். மொத்தம் 100 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கால்பந்துத் திடல். அதே கணக்கை 150 கிலோமீட்டருக்குப் போட்டால் ஏறக்குறைய 170 மீட்டர் வரும். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம், தூரம் கூடியதோ அதைப்போல் இரண்டு மடங்கு. 135 சிசி வண்டி 110-ஐத் தொடும்போது அலறும், கைப்பிடி நடுங்கும், 'போதும்' என்று அதுவே சொல்லிவிடும். 650 சிசி 150-இலும் ஒன்றும் சொல்லாது. அதன் சுகமே அதன் ஆபத்து. 'நூத்தம்பதுலயும் ஆடவே ஆடாது' என்று ஓட்டுநர்கள் புகழ்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏன் கலக்கும் என்றால், 2017-இல் என் சித்தப்பா மகன் போய்விட்டான். 22 வயது. பெரிய வண்டியெல்லாம் இல்லை, 150 சிசிதான். மழைக்காக மேம்பாலத்துக்கு அடியில், அவசரத் தடத்தில், நம் ஊரில் எல்லாரும் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தான். வழுக்கி வந்த இன்னொரு மோட்டார் நேராக அவன்மேல் மோதியது. அதை ஓட்டி வந்தவனுக்கும் அவன் வயதுதான். நல்ல பையன், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஈரச் சாலையில் பின் பிரேக்கை மட்டும் அழுத்தியிருக்கிறான், சக்கரம் பூட்டிக்கொண்டது. அவனுக்கு யாரும் வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எனக்கும் அதுவரை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நான் சண்டை போட விரும்புவது இந்த இடத்தில்தான். பி2 லைசென்ஸுக்கு நாம் என்ன கற்றோம்? பலகைமேல் ஏறினோம், எட்டுப் போட்டோம், கூம்புகளுக்கு நடுவே வளைத்தோம், சமிக்ஞை காட்டி நின்றோம். பி ஃபுல் எடுக்கும்போதும் வண்டிதான் பெரிதாகிறது, நான் கற்ற பாடம் பெரிதாகவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழு பலத்தோடு நிறுத்திப் பார்க்க யாரும் என்னைச் சொல்லவில்லை. ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் பிடி விரலுக்குள் துடிக்கும், பயந்து கையை விட்டுவிடக் கூடாது என்பதை நான் வண்டி வாங்கி ஐந்து மாதம் கழித்து ஒரு காலி வாகன நிறுத்துமிடத்தில், அந்தத் துறைமுக அண்ணனிடம் கற்றுக்கொண்டேன். அவர் அதற்குக் கேட்ட கட்டணம் ஒரு தட்டு நாசி லெமாக்.

பெரிய சட்டங்களைவிடச் சில நேரம் சின்னப் பழக்கங்கள் அதிக உயிரைக் காக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பகலிலும் மோட்டார் விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. அப்போது எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! பட்டப்பகலில் விளக்கா என்று. புத்ரா பல்கலைக்கழகத்தின் ராடின் உமாரும் அவரது குழுவினரும் சிரம்பானிலும் ஷா ஆலத்திலும் ஆய்வு செய்தபோது, எதிரே வருபவர் கவனிக்காததால் நேரும் மோட்டார் விபத்துகள் 29 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தன. ஒரு விளக்கு செய்த வேலை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேக் வகுப்பு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் சமூகத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பொன்னாடை உண்டு, விருந்து உண்டு, கால்பந்துப் போட்டி உண்டு, கிள்ளானில் மோட்டார் குழுக்களே எத்தனையோ. புது வண்டி வாங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். நானும் செய்தேன், அம்மாவுக்கு அதில் நிம்மதி. அந்தப் பூசை முடிந்த கையோடு, கோயில் வாகன நிறுத்துமிடத்திலேயே, தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் பிரேக் பிடிக்கவும் வண்டியைத் திருப்பவும் சொல்லிக் கொடுத்தால் என்ன? அனுபவமுள்ள ஓட்டுநர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஞாயிறு காலையில் எப்படியும் கூடுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரேசர் மலையை விட்டுவிட்டு ஒரு காலித் திடலில் நிற்க முடியாதா? அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்கும் விஷயமல்ல இது.

காசுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், கையெழுத்து கேட்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் 18,500 வெள்ளி கொடுத்தேன். புதிது முப்பதாயிரத்தைத் தாண்டும். சாலை வரி ஆண்டுக்கு 250 வெள்ளி. இரண்டு டயருக்கும் போன முறை 1,100 ஆனது. சங்கிலியும் பல்சக்கரமும் 500-க்கு மேல். காப்புறுதி தனி. நல்ல ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், பூட்ஸ் என்று இன்னொரு இரண்டாயிரம். மழைக்கோட்டைப் பின்னுக்கு முன்னாக மாட்டிக்கொண்டு 650 ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். தம்பிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த விற்பனையாளர் இதில் எதையும் எழுதவில்லை. காகிதத்தில் இருந்தது மாதத் தவணை மட்டும்தான். தவணை தவறினால் ஜாமீன் போட்டவரின் கடன் பதிவும் கெட்டுப்போகும், நாளைக்கு அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி அதைப் பார்க்கும் என்பதையும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. படிப்புக்கு வாங்கிய பிடிபிடிஎன் கடன் வேறு வரிசையில் நிற்கிறது.

அம்மாவுக்குச் சொன்ன பதில் இந்தக் காசுக் கணக்கு. சொல்லாமல் விட்டது மேம்பாலத்துக் கணக்கு.

என் கருத்து இதுதான். பெரிய வண்டி ஆசை உள்ளவர்களுக்கு நடுத்தர ஸ்போர்ட் டூரிங் நல்ல தேர்வு, ஆயிரம் சிசிக்குத் தாவுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது இரண்டாவது அல்லது மூன்றாவது வண்டியாக இருக்கட்டும். 250 சிசி வண்டியில் இரண்டு மழைக்காலம் ஓட்டுங்கள். வாங்கும் முன் அதே வண்டியை ஐந்தாண்டு வைத்திருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். எவ்வளவு வேகம் போகும் என்று கேட்காதீர்கள். எங்கே வலிக்கிறது, எப்போது விழுந்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு 'விழுந்ததே இல்லை' என்பவரின் ஆலோசனையைப் பாதி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை தம்பி கடைசியில் வாயைத் திறந்தான். "சரி, என்ன செஞ்சா கையெழுத்து போடுவீங்க?" என்றான். அவனை வாசலுக்கு அழைத்துப் போனேன். பழைய மெத்தை ஒன்றைப் போட்டு, வெர்சிஸை அதன்மேல் மெதுவாக இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். எனக்கே மனது வலித்தது. "தூக்கு" என்றேன்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். வண்டி அசையவில்லை. மறுபக்கம் போய்த் தள்ளினான். அம்மா கதவருகே நின்று, "டேய், முதுகு பிடிச்சுக்கப் போவுது" என்றார். பத்து நிமிடம் கழித்துச் சொல்லிக் கொடுத்தேன்: வண்டிக்கு முதுகைக் காட்டு, இருக்கை ஓரத்தில் இடுப்பை வை, கைப்பிடியை முழுக்கத் திருப்பி ஒரு கையால் பிடி, இன்னொரு கையால் பின்சட்டத்தைப் பிடி, கையால் தூக்காதே, காலால் பின்னோக்கி நட. மூன்றாவது முயற்சியில் வண்டி எழுந்தது. எழுந்த வேகத்தில் மறுபக்கம் சாயப் பார்த்தது, ஓடிப்போய்ப் பிடித்தேன்.

வேர்த்துப்போய்ப் படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அண்ணே, இத பி ஃபுல் கிளாஸ்ல சொல்லித் தருவாங்களா?"

"எனக்குச் சொல்லித் தரல" என்றேன்.

"அப்ப அடுத்த ஞாயிறு நானும் வர்றேன், இஎக்ஸ்5-ல."